வைரஸ் தின்ற கல்யாணம்

பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கத்தில் போஞ்சிக் கொடி போட்டிருக்கிறார். குருவி வந்து பூவைக் கொத்துகிறதென்று, பந்தலுக்குக் குறுக்கே நூல் கட்டிப் பழைய சீடிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார். நுவரெலியா வெயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வந்தால் வந்ததுதான், இல்லாவிட்டால் வாரக்கணக்கில் எட்டிப் பார்க்காது. நேற்றுக் காலை கொஞ்சம் வெயில் வந்தது. சீடிகள் சுழன்று மினுங்கின. குருவிகள் அந்த நூலின் மேலேயே உட்கார்ந்து கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தன.

வேலியோரம் நின்று, ஒவ்வொரு சீடியிலும் மார்க்கரால் எழுதியிருந்ததை வாசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. பக்திப் பாடல்கள். பிரிண்டர் டிரைவர். யாரோ ஒரு பிள்ளையின் முதலாவது பிறந்தநாள். ஒன்றில், கம்ப்யூட்டரை எழுப்புகிற சீடி என்ற அர்த்தத்தில், ‘பூட்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் பழைய எரிச்சல் ஒன்று, இத்தனை வருஷத்துக்குப் பிறகும், நேராகத் தலைக்கு ஏறியது. டிரைவிலிருந்து சூடாக வெளியே வரும் சீடிக்கு ஒரு வாசனை உண்டு, லேசாகக் கருகின பிளாஸ்டிக் மாதிரி. அதுவும் கூடவே வந்தது. சிலருக்கு மல்லிகை வாசனையில் பழைய நாள் திரும்பும். எனக்கு வாய்த்தது இது.

அப்போது நான் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்துகொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள்; கெமரா உள்ள ஃபோன் வைத்திருப்பவர் ஊருக்கு ஒருவர் இருவர்தான். மாடியில், ஒடுங்கிய படியேறி வரவேண்டிய கடை. ஏறியதும் பவுடர் வாசனை. அடையாள அட்டைப் படத்துக்கு வருகிறவர்கள் பூசிக்கொள்ள ஒரு டப்பா, நூலில் கட்டிய சீப்பு, யாருக்கும் அளவாக இல்லாத ஒரு கறுப்புக் கோட்டு. உள்ளே படம் பிடிக்கிற அறையில் சுவரளவு திரைச்சீலை. அதில் பனிமலையும் ஏரியும் மரவீடும். ஜன்னலைத் திறந்தால் நிஜ மலை, நிஜ மூடுபனி. ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்த வெளிநாட்டு மலைக்கு முன்னால்தான் எல்லோரும் நிற்பார்கள்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பள்ளிக்கூடம் முடித்து, டவுனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். அந்த உறையை நம்பித்தான் மணி அண்ணன் என்னை வேலைக்கு எடுத்தார். கல்யாண ஆல்பம் செய்வது என் பொறுப்பு. மணமக்களை நிலாவுக்குள் வைப்பேன், ரோஜாப் பூவுக்குள் வைப்பேன். தலவாக்கலையைத் தாண்டாத மாமனாரைத் தாஜ்மகால் வாசலில் நிறுத்துவேன். சனங்களுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சிரிப்பதற்கு முன்னால்.

மணி அண்ணன் கடைக்கு முதலாளி. அப்படிக் கூப்பிட்டால் கோபிப்பார். படம் நன்றாகப் பிடிப்பார், வீடியோ அதைவிட நன்றாக எடுப்பார், பொய் எல்லாவற்றையும்விட நன்றாகச் சொல்வார். வாக்குக் கொடுத்த நாளில் எந்த ஆல்பமும் முடிந்ததில்லை. மிக்ஸிங் நடக்கிறது என்பார். மெஷின் கண்டிக்குப் போயிருக்கிறது என்பார், மெஷினுக்கு மேலேயே கையை வைத்துக்கொண்டு. வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார். அவர் போனபிறகு, “எப்ப புள்ள முடிப்ப?” என்று மணி அண்ணன் என்னிடம் கேட்பார், ஏதோ தாமதம் முழுக்க என்னுடையது என்பது போல.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது, சிக்கனம். வீடியோ கெமராவுக்குப் போடுகிற டேப்பை நாலைந்து விசேஷங்களுக்கு மாற்றி மாற்றிப் பாவிப்பார். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் டேப் சும்மாதானே கிடக்கிறது என்பது அவர் கணக்கு. யோகேஸ்வரி என்ற பெண்ணின் கல்யாணத்தையும் அப்படித்தான் ஏற்றினார். அடுத்த கிழமையே அதே டேப்போடு வலப்பனையில் ஒரு கும்பாபிஷேகத்துக்குப் போய்விட்டார். படம் பிடித்த கெமராவின் கார்டும் அதே கதைதான். ஆகவே உலகத்தில் அந்தக் கல்யாணம் இருந்த ஒரே இடம், எங்கள் மேசைக்கு அடியில் இருந்த கறுப்புப் பெட்டி.

அந்தப் பெட்டிக்குத்தான் வைரஸ் வந்தது.

எப்படி வந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. கீழே பஸ்காரர்களுக்குப் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை இருந்தது. ஹட்டனிலிருந்து புறப்படுகிற பஸ்களின் பாட்டெல்லாம், அவற்றோடு அந்த பஸ்கள் போய்வந்த ஊர்களின் வைரஸெல்லாம், அந்தக் கடையில் சங்கமம். மணி அண்ணன் மிக்ஸிங்குக்குப் பாட்டு வேண்டுமென்று அங்கே போய்வருவார். பென்ட்ரைவைக் கறுப்பு நாடாவில் கோத்துத் தாயத்து மாதிரி கழுத்தில் போட்டிருப்பார். அதை மட்டும் போடாதீர்கள் என்று நான் கெஞ்சுவேன். “ஒரே ஒரு பாட்டு புள்ள” என்பார். அந்த ஒரு பாட்டு ஒவ்வொரு நாளும் இருந்தது.

முதலில் ஃபோல்டர்கள் கோளாறு பண்ணின. ஒன்றைத் திறந்தால் திறக்காது; ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டுச் சும்மா இருக்கும். வைரஸ் பிடிக்கிற மென்பொருளைத் திறந்தால் அது பயந்த பிள்ளை மாதிரி உடனே தன்னை மூடிக்கொள்ளும். பிறகு எல்லாம் மெதுவானது. ஒரு படத்தைச் சேமிக்கச் சொல்லிவிட்டுக் கீழே போய் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தாலும் அந்த மணல் கடிகாரம் திரையில் நின்றுகொண்டிருக்கும். மணி அண்ணன் வெள்ளிக்கிழமைப் பூசையில் சூடம் காட்டும்போது பெட்டிக்கும் சேர்த்துக் காட்டினார். மறுநாள் காலை கம்ப்யூட்டர் எழும்பவே இல்லை. எழும்பப் போகும், கறுப்பாகும், மறுபடி முதலிலிருந்து எழும்பப் போகும். அப்படியே நாள் முழுக்க.

இந்த நேரத்தில்தான் பெருமாள் கங்காணி வர ஆரம்பித்தார். யோகேஸ்வரியின் அப்பா. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில், கொழுந்து மலையில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்தால் முதலில் எங்கள் படியைத்தான் ஏறுவார். வேட்டிக்கு மேல் பழைய கம்பளிக் கோட்டு. மழையில் நனைந்து அது ஒரு ஈர வாசனை வீசும். குடையை வாசலில் மடக்கி வைத்து, தண்ணீர் வடிவது யார் காலிலும் படாதபடி பார்த்துக்கொண்டு, கண்ணாடிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்காருவார்.

“வணக்கம் தாயி. கல்யாண வீடியோ இன்னைக்கி கெடைக்குமா?”

சத்தம் போடுகிற வாடிக்கையாளர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். இந்த மனிதர் சத்தமே போடமாட்டார். மணி அண்ணன் சொல்லும் பொய்யைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “நீங்களும் எவ்வளவு வேலையத்தான் பாப்பீங்க” என்று நமக்காகவே வருத்தப்பட்டு எழுந்து போவார். அவர் போனபிறகு எனக்கு யார் மேல் எரிச்சல் என்றே தெரியாது. மகளின் கல்யாணத்தைப் பார்க்க இந்த மனிதருக்கு இத்தனை ஆசையா என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பெட்டியை நானே கண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பழைய கட்டில் விரிப்பில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில். யுத்த காலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரும், மடியில் விரிப்பால் சுற்றிய இரும்புப் பெட்டியுமாகச் சோதனைச் சாவடியில் இறங்கி நின்றேன். விரிப்பை அவிழ்த்து, மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியையும் ஒரு செத்த கரப்பானையும் சிப்பாய்க்குக் காட்டினேன். பஸ் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிப்பாய் கரப்பானைப் பார்த்து முகம் சுளித்துப் போகச் சொன்னார். கண்டியில் பழுதுபார்க்கிறவர் பெட்டியை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

“ஃபோர்மட் கரண்ட ஓனே நங்கி” என்றார். தங்கச்சி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும், வேறு வழியில்லை என்று.

உள்ளே ஒரு கல்யாணம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் பாவம் என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். பெட்டியைத் திரும்பவும் விரிப்பில் சுற்றி, அதே சாவடியில், அதே கரப்பானைக் காட்டி, ஹட்டனுக்கு வந்து சேர்ந்தேன்.

படியில் என்னைக் கண்டு பெட்டியை வாங்கித் தூக்கி வந்தவர் உதயன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், புதிதாகக் கணித ஆசிரியராக நியமனமாகி வந்து, எங்களுக்கு மேல்மாடியில் அறை எடுத்திருந்தார். ஊருக்குப் போகிற பாதை பூட்டிக் கிடந்ததால் விடுமுறைக்கும் போக வழியில்லாமல், ஹட்டன் குளிருக்கு இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு திரிவார். நாங்கள் ‘சார்’ என்போம், அவர் ‘சேர்’ என்பார். அந்த ஒரு எழுத்தை வைத்தே அவரைக் கேலி செய்வோம். அவர் வெட்கப்படுவார், ஆனால் மாற்றிக்கொள்ளமாட்டார்.

“உதுக்கு ஏன் ஃபோர்மட்? சிஸ்டத்தை எழுப்பினாத்தானே வைரசும் எழும்பும். அதை நித்திரையிலயே விட்டிட்டு, நாங்கள் வேற வாசலால உள்ள போவம்.”

அந்த வேற வாசல் ஒரு சீடி. ஏதோ கம்ப்யூட்டர் சஞ்சிகையோடு இலவசமாக வந்ததாம். கம்ப்யூட்டர் தன் சொந்த சிஸ்டத்தை விட்டுவிட்டு இந்த சீடியிலிருந்தே எழும்பும், எழும்பி வட்டு முழுக்கத் தேடி வைரஸைப் பிடிக்கும் என்று விளக்கினார். எத்தனை பேருக்கு இப்படிச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் இல்லை என்றார்.

போயா தினம், பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. காலையிலேயே மூவரும் உட்கார்ந்தோம். சீடியிலிருந்து எழும்பும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லவேண்டும். அதற்கு, போட்டவுடன் திரையில் ஒரு வரி வரும், கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தவேண்டும் என்று அதிலிருக்கும். எங்கள் மொனிட்டர் பழைய பெட்டி மொனிட்டர். குளிரில் அது சூடேறிக் கண் திறப்பதற்குள் அந்த வரி வந்து போய்விடும். போடு, அணை, போடு, அணை. கடைசியில் நான் போட்ட கையோடு மேல் வரிசையில் இருந்த எல்லாக் கட்டைகளையும் ஆர்மோனியம் வாசிப்பது மாதிரி அழுத்தித் தள்ளினேன். எது வேலை செய்ததோ, நீலத் திரை வந்தது. எதிலிருந்து எழும்புவது என்ற பட்டியலில் சீடியை மேலே ஏற்றினோம். இனி சீடியைப் போடவேண்டியதுதான் என்றால், டிரைவின் வாய் திறக்கமாட்டேன் என்றது. என் கொண்டை ஊசியை நிமிர்த்தி, அதிலிருந்த சிறு துளையில் குத்தித்தான் திறந்தோம். மணி அண்ணன் எங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு பெட்டியின் மேல் தட்டிக்கொண்டிருந்தார். தட்டாதீர்கள் என்று நான் கத்திவிட்டேன். அவர் போய் டீ வாங்கி வந்தார்.

சீடி எழும்பியது. படமில்லை, பொத்தானில்லை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கொட்டிக்கொண்டு போயின. கும்பாபிஷேகம், பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, இறந்தவர்களுக்குப் பெரிதாக்கிய படங்கள் என்று, எங்கள் கடையின் வாழ்க்கை முழுவதும் பெயர் பெயராக ஓடியது. நான் நாற்காலி நுனியில் இருந்தேன். பாதி தாண்டியிருக்கும், கரண்ட் போனது. யூபிஎஸ் கீங் கீங் என்று ஒப்பாரி வைத்துவிட்டு அதுவும் செத்தது. மின்சாரம் செய்கிற இடங்களெல்லாம் எங்கள் மலையில்தான், பொல்பிட்டியவும் லக்சபானாவும் நம் கண்ணுக்கு முன்னால்தான்; முதலில் இருட்டாவதும் நாம்தான். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து மறுபடி.

இரண்டாம் முறை ஓடும்போது திரை ஓரிடத்தில் நின்று கேள்வி கேட்டது. ‘யோகேஸ் வெடிங்’ என்ற பெயரைக் காட்டி, இதை அழிக்கவா என்றது. நான் கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். அது நான் வைத்த பெயர். நான் வைத்த ஃபோல்டர். வைரஸ் என்று அது கல்யாணத்தையே காட்டுகிறதா?

உதயன் சேர் திரைக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனார். “வால் இருக்குப் பாருங்கோ. எக்ஸி எண்டு முடியுது, ஃபோல்டருக்கு உப்பிடி வால் வராது. அவன்தான் கள்ளன். உங்கட ஃபோல்டரை ஒளிச்சுப்போட்டு, அதின்ர பேரையும் முகத்தையும் போட்டுக்கொண்டு வாசல்ல நிக்கிறான்.”

நான் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு விசேஷத்தின் பெயரிலும் ஒரு கள்ளன் அகப்பட்டான்.

பொழுது சாய்வதற்கு முன் சீடியை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டோம். நொண்டி நொண்டி எழும்பியது. ஒளித்துவைக்கப்பட்டிருந்த ஃபோல்டர்கள் சாயம் போன துணி மாதிரி மங்கலாக வந்து நின்றன. மணி அண்ணன்தான் யோகேஸ்வரியின் வீடியோவைத் திறந்தார். மேளச் சத்தம் வந்தது. மூவரும் சிரித்தோம். மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு, இனி இது எங்கள் வீட்டுப் பெண், கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று பேசிக்கொண்டிருந்தார். அதுவரை எனக்குச் சலிப்பூட்டிய பேச்சு, அன்றைக்குக் கச்சேரி மாதிரி இனித்தது. மறுநாள் அதை சீடியில் பதிந்து, பெயர்களை அழகாக எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்காக மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

அதே கிழமை, ஒரு மத்தியானம், யோகேஸ்வரி தனியாகப் படியேறி வந்தாள். மணி அண்ணன் கடையில் இல்லை. கல்யாணத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். பாஸ்போர்ட் அளவில் ஒரு படம் பிடிக்கவேண்டும் என்றாள். பவுடர் டப்பாவைக் கையில் எடுத்துத் திறக்காமலே வைத்துக்கொண்டு, வீடியோ சரியாகிவிட்டதா என்று கேட்டாள். நான் பெருமையாக லாச்சியைத் திறந்து சீடியைக் காட்டினேன். கண்டிக்குப் போனது, கரப்பான், கரண்ட் போனது எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். அவள் அழுதுகொண்டிருந்ததை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

“அப்பா கேட்டா வைரஸ் தின்னுருச்சுன்னு சொல்லிருங்க அக்கா.”

நம்பமாட்டீர்கள், எனக்கு முதலில் வந்தது கோபம். இதற்காகவா அந்தப் பெட்டியை மடியில் சுமந்தேன் என்று. பிறகு அவள் சொன்னாள். மாப்பிள்ளை வீடு பூண்டுலோயா. அங்கே போன சில வாரங்களிலேயே மாப்பிள்ளை கை நீட்ட ஆரம்பித்துவிட்டான். முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்த வேலையையும் விடவைத்தார்கள். ஒரு நாள் உடுத்த சேலையோடு பஸ் ஏறி அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். பதிவுத் திருமணத்தை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருந்ததால் அவளைக் கட்டிப்போடக் காகிதம் ஒன்றுமில்லை. ஆனால் வருகிற ஞாயிறு பின்னேரம் இதைப் பேசித் தீர்க்கத் தோட்டத்துக் கோயிலில் கூட்டம். சங்கத் தலைவர் வருவார், பூண்டுலோயாவிலிருந்து வேனில் அவர்கள் வருவார்கள். அப்பா டீவியும் டெக்கும் வாடகைக்குச் சொல்லிவைத்திருக்கிறார். அந்தப் பெரியப்பா மைக்கில் பேசியதை எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டப் போகிறாராம்.

“அத போட்டு காட்டுனா அவங்க வெக்கப்பட்டு என்னைய கூட்டிட்டு போயிருவாங்கன்னு அப்பா சொல்றாரு. கூட்டிட்டு போவாங்கதான் அக்கா. அதுக்கப்புறம்?”

படம் பிடித்தேன். ஒன்றுமே வாக்குக் கொடுக்காமல் அனுப்பினேன். கடை என்னுடையது இல்லையே.

மணி அண்ணன் வந்ததும் சொன்னேன். அவருடைய பெயர், தொழில், வாக்கு என்று ஏதாவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வீடியோவைத் திறந்தார். மிக்ஸ் செய்ததை அல்ல, கெமராவிலிருந்து ஏற்றினபடி கிடந்ததை. மணவறையைச் சுற்றி வருகிற இடத்துக்குப் போனார். யோகேஸ்வரிக்குச் சேலை தடுக்கி ஒரு கணம் நிற்கிறாள். விரலைப் பிடித்து வரவேண்டிய மாப்பிள்ளை அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி இழுக்கிறான். அவள் முகம் சுருங்குகிறது. கெமரா இருப்பதைப் பார்க்கிறாள், உடனே சிரிக்கிறாள்.

“இந்த எடத்துலதான் நான் மேலருந்து பூ கொட்டுற மாதிரி போட்டேன்” என்றார். “மொகம் தெரியாதில்ல.”

அந்தப் பூவை நானும் பார்த்திருந்தேன். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெருமாள் கங்காணி வந்தார். குடையை மடக்கினார், ஸ்டூலில் உட்கார்ந்தார், வணக்கம் சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் தண்ணீர் குடிக்கிற மாதிரி பொய் சொன்ன மணி அண்ணனுக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை. அதுங்க, வந்துங்க என்று இழுத்துவிட்டு கெமரா லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. வேண்டாத நாளெல்லாம் ஆறாக ஓடின பொய், வேண்டிய நாளில் வற்றிவிட்டது. வேறு வழியில்லாமல் நானே சொன்னேன்: கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்தது, கண்டிக்கும் கொண்டு போனோம், உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது.

“பூச்சியா தாயி?”

“பூச்சி மாதிரிதாங்க. கண்ணுக்கு தெரியாது.”

அவர் எங்கள் பெட்டியை மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். கீழே பஸ்காரர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாமே போயிருச்சா? எம்மக மட்டும் தனியா நிக்கிற மாதிரி ஒரு படம்கூட மிஞ்சலையா?”

இல்லை என்பதுதான் சொல்லவேண்டிய பதில். எல்லாம் போய்விட்டது என்றால் எல்லாமும்தானே. நான் வாயைத் திறப்பதற்குள் மணி அண்ணன், ஒன்று இருக்கலாம், பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் கம்ப்யூட்டரில் தேடுவதுபோல் பாவனைகூடச் செய்யவில்லை. நேராக அந்த ஃபோல்டருக்குப் போய், நேராக அந்தப் படத்தை எடுத்து, பிரிண்டரில் போட்டார்.

கல்யாணத்தன்று விடிய, மணவறைக்குப் போகுமுன், லயத்து வீட்டு வாசலில் பிடித்த படம். பாதிப் பூதான் வைத்திருந்தார்கள். பக்கத்தில் யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். பிரிண்டர் அதை வரி வரியாக வெளியே தள்ளியது. பெருமாள் கங்காணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். படத்தைப் பார்த்தார். பிறகு மேசைக்கடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மாப்பிள்ள இருக்கிற படத்தயெல்லாம் தின்னுட்டு, புள்ள படத்த மட்டும் விட்டுருக்கு” என்றார். “நல்லா பாத்துதான் தின்னுருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. ஈரம் படாமல் பேப்பரில் சுற்றித் தரச் சொன்னார், கோட்டின் உள்பையில் வைத்தார், குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். படியில் பாதி வழியில் நின்ற மாதிரி இருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

கூட்டம் நடந்ததாம். டீவி வரவில்லை. பூண்டுலோயாக்காரர்கள் நிறையப் பேசினார்களாம், தலைவரும் பேசினாராம், அனுப்பி வையுங்கள் என்று. பெருமாள் கங்காணி, காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, அனுப்புவதற்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாராம். இதை யோகேஸ்வரியே பிறகு ஒரு தடவை வந்தபோது சொன்னாள். முன்பள்ளிப் பிள்ளைகளின் கலைவிழாவுக்குப் படம் பிடிக்க மணி அண்ணனைக் கேட்டு வந்திருந்தாள். அந்த வேலைக்கு மட்டும் மணி அண்ணன் புது டேப் வாங்கினார், சொன்ன நாளில் கொடுக்கவும் செய்தார். அதைக் கண்டு எனக்குக் காய்ச்சல் வரப் பார்த்தது. யோகேஸ்வரியின் கல்யாணத்தை அவர் அந்த ஞாயிறு மாலையே தன் கையால் அழித்துவிட்டார். லாச்சியில் இருந்த சீடியை இரண்டாக உடைத்தது நான்.

அந்த ஸ்டூடியோ இப்போது இல்லை. அந்த இடத்தில் ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்டுகிற கடை. மணி அண்ணன் கட்டாருக்குச் சாரதி வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். உதயன் சேர் பாதை திறந்ததும் மாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். இரண்டு சுவெட்டரையும் என்னிடம் கொடுத்துவிட்டுத்தான். பனிமலைத் திரைச்சீலை எங்கே போனதோ. டேப் போடுகிற கெமராவைச் சொன்னால் இந்தக் காலப் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. கல்யாண வீட்டுக்கு வீடியோக்காரர்கள் இப்போதும் வருகிறார்கள், தலைக்கு மேல் ட்ரோன் பறக்கிறது. ஆனால் தாலி கட்டி முடிவதற்குள் அந்தக் கல்யாணம் நூறு ஃபோன்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

என் பெரியப்பா மகனுடைய பெண் ஒருத்தி கொட்டகலையில் இருக்கிறாள். கட்டிக்கொடுத்து ஒரு வருஷம் நிறைவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். வந்ததும் நல்லதுதான், யாரும் கூட்டம் போடவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதிக்கு அவள் ஃபோன் தானாகவே அந்தக் கல்யாணத்தைப் பாட்டோடு எடுத்துக் காட்டுகிறது, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு. அவள் அழிக்கிறாள். சித்தப்பா ஒருவருடைய ஃபோனிலிருந்து குடும்பக் குழுவுக்கு அது மறுபடி வருகிறது. அங்கே அழித்தால் லண்டனில் இருக்கிற யாரோ ஒருத்தி போடுகிறாள், ஒன்றும் தெரியாமல், இதயப் படம் வைத்து.

போன மாதம் அவள் ஃபோனை என் கையில் கொடுத்தாள். “நீங்க கம்ப்யூட்டர் படிச்சவங்கதானே அத்தை. இத ஒரேயடியா இல்லாம பண்ண ஏதாச்சும் வழி இருக்கா?”

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு இடமாகத் தட்டித் தட்டி, வெகுநேரம் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் வழி இருந்தது. எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருந்தது, பெட்டிக்குப் பக்கத்தில் அழிக்கத் துணிந்த இரண்டு மனிதர்கள் இருந்தார்கள். அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது. இல்லைம்மா என்று சொல்லி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன்.